அப்பாவின் புறாக்களும் என் பல் க்ளிப்பும்

“ஏய், நீயே ஒரு நியாயம் சொல்லுடி. பாப்பா பல்லுக்கு க்ளிப் போட 55,000 ரூபாய் கேக்குறாங்க. உங்க மாமா என்னடான்னா போன வாரம் மீன் தொட்டிக்கு லைட் மாத்தியிருக்கார். 6,500 ரூபாய்! கேட்டா, ‘அது வேற, இது வேற’ங்கிறார். எதுடி வேற?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போனில் கேட்ட கேள்வி இது. வேறு யார் கேட்டிருந்தாலும், ‘இதுல யோசிக்க என்ன இருக்கு? பிள்ளை பல்லுதான் முக்கியம்’ என்று சட்டென்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. “அப்புறம் கூப்பிடுறேன்க்கா” என்று போனை வைத்துவிட்டேன்.

காரணம், இதே கணக்கு 13 வருஷத்துக்கு முன்னால் ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் வீட்டிலும் நடந்தது. அப்போது பல் என்னுடையது. பொழுதுபோக்கு அப்பாவுடையது.

அப்பா லேத் பட்டறைத் தொழிலாளி. கிண்டி தொழிற்பேட்டை ஆரம்பித்த பிறகு அதையொட்டி எங்கள் ஏரியாவில் முளைத்த நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகளில் ஒன்றில் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டுக்கு வருவார். சட்டை முழுக்க எண்ணெய் வாசனை. சிகரெட் இல்லை, குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. அவருக்கு இருந்த ஒரே ‘கெட்டப் பழக்கம்’ என்று அம்மா சொல்வது மொட்டை மாடிப் புறாக்களைத்தான்.

மொத்தம் 22 புறா. எல்லாம் ஹோமர், அதாவது பந்தயப் புறா. எவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் தன் கூட்டைத் தேடி வந்துவிடும் ஜாதி. சென்னையில் இது பெரிய உலகம். ‘மாரி’ படம் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். புறாக்களை ரயிலில் வடக்கே அனுப்பி அங்கிருந்து பறக்கவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு சாம்பல் நிறப் பெட்டை இருந்தது. காலையில் விஜயவாடாவில் விட்டால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எங்கள் மாடியில் இறங்கிவிடும். அதற்கு அப்பா வைத்த பெயர் ஜி.டி. டெல்லிக்குப் போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸ் நினைவாக.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது என் மேல்வரிசையில் சிங்கப்பல் இரண்டும் ஈறுக்கு மேலேயே முளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. “தெத்துப்பல் அதிர்ஷ்டம்டி, புகுந்த வீட்டுக்கு நல்லது” என்று பாட்டி கன்னத்தைக் கிள்ளுவார். ஸ்கூலில் வைத்த பெயரோ ‘டிராகுலா’. குரூப் போட்டோவுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகினேன். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். ஒருநாள் அழுதுகொண்டே வந்து, “எனக்கு க்ளிப் போட்டாதான் ஸ்கூலுக்குப் போவேன்” என்று பையைத் தூக்கிப் போட்டேன்.

தனியார் டாக்டர் சொன்ன தொகை 30,000 ரூபாய். முதலில் 10,000 கட்டணும், மீதியை மாசம் 1,000 வீதம் 20 மாசம். இப்போது சின்னத் தொகையாகத் தெரியலாம். அப்பாவின் சம்பளம் அப்போது 14,000. அந்த வருஷம்தான் அக்கா கல்யாணம் முடிந்திருந்தது. வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா ஒரு பேப்பரில் கணக்குப் போட்டார். ஒரு புறாவுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 கிராம் தீனி. 22 புறாவுக்கு மாசம் 20 கிலோ கம்பு, சோளம், பட்டாணி. மருந்து, பந்தயக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாசம் 1,200 ரூபாய். பேப்பரை அப்பா முன்னால் வைத்துவிட்டு, “அதுங்க தின்னுற காசுல இவ பல்லை நேராக்கிடலாம்” என்றார். அம்மாவைத் தப்பு சொல்ல மாட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அப்பா எதுவும் சொல்லவில்லை. மாடிக்குப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புளியந்தோப்பில் இருந்து ஒருவர் கூடைகளோடு வந்தார். 22 புறாவும் 19,000 ரூபாய்க்குப் போயின.

அப்பா அப்போது சொன்ன ஒரு காரணம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. “குஞ்சு பொரிச்சு ஏழு நாளுக்குள்ள கால்ல வளையம் போட்டுடணும். அப்புறம் பாதம் பெருசாயிடும், வளையம் ஏறாது. பல்லும் அப்படித்தானாம். இந்த வயசை விட்டுட்டா கஷ்டம்னு டாக்டர் சொல்றார்.”

க்ளிப் மாட்டிய அன்றைக்கு அப்பா அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். என் வாயைவிட அந்தக் கம்பியைத்தான் அதிகம் பார்த்தார். “இது என்ன மெட்டல் சார்?” என்று கேட்டார். நிக்கலும் டைட்டானியமும் கலந்தது, எப்படி வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே வரப் பார்க்கும், அந்த இழுவிசைதான் பல்லை நகர்த்துகிறது என்றார் டாக்டர். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேறு எதற்கோ உருவாக்கிய உலோகம் அது. 1970களில்தான் பல் சிகிச்சைக்கு வந்தது. டாக்டர் கொடுத்த ஒரு துண்டுக் கம்பியை அப்பா விரலில் சுற்றிச் சுற்றி விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். வாழ்நாள் முழுக்க இரும்பைச் சீவியவர் இல்லையா!

ஐந்தாவது மாசம் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

வெயில் தாழும் நேரம். துணி எடுக்க மாடிக்குப் போனேன். காலிக் கூண்டின் மேல் ஜி.டி. உட்கார்ந்திருந்தது. புளியந்தோப்பில் புதுக் கூட்டுக்குப் பழகிவிட்டது என்று நம்பி வெளியே விட்டிருக்கிறார்கள். அது நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. “அப்பா, ஜி.டி. வந்துடுச்சுப்பா!” என்று கத்தினேன். வாய் முழுக்க க்ளிப். புது ரப்பர் மாட்டிய மறுநாள் என்பதால் வலி வேறு.

அப்பா வந்து பார்த்தார். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். கீழே போய் ஒரு கைப்பிடிக் கம்பு கொண்டுவந்து போட்டார். அது தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு கூடையில் வைத்து மூடி, டி.வி.எஸ். ஃபிஃப்டியின் முன்னால் வைத்தார்.

“வெச்சுக்கலாம்ப்பா... ஒண்ணே ஒண்ணுதானே?”

“காசு வாங்கியாச்சும்மா” என்றார். அவ்வளவுதான். புளியந்தோப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குத் திரும்பினார்.

அந்தக் காசு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வாய்க்குள் இருந்தது.

2014இல் க்ளிப்பைக் கழற்றினார்கள். பல் வரிசை அவ்வளவு அழகாக இருந்தது. கையில் ஒரு ரீட்டெய்னர் கொடுத்து, “இதை ராத்திரியில கண்டிப்பா போடணும். விட்டுட்டா பல் பழைய இடத்துக்கே போயிடும்” என்றார் டாக்டர். அப்பா சிரித்துவிட்டார். “நம்ம புறா மாதிரி” என்றார்.

ஏன் அப்படிப் போகிறது என்பதற்குக் காரணம் உண்டு. பல்லை அழுத்தும்போது அந்தப் பக்கத்து எலும்பு கரைந்து, எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. அப்படித்தான் பல் நகர்கிறது. ஆனால், ஈறில் இருக்கும் நார்கள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. ரப்பர் பேண்ட் மாதிரி பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். க்ளிப் கழற்றுவதோடு சிகிச்சை முடிவதில்லை. ரீட்டெய்னர்தான் அதன் இரண்டாம் பாதி. பல வருஷம் போட வேண்டியது.

நான் ஒன்றரை வருஷம் ஒழுங்காகப் போட்டேன். பிறகு 2015 டிசம்பர் வந்தது.

டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்ததைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் அளவு இருந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு ஏறிவிட்டது. பாட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். மாடியில் ஒதுங்க இருந்த ஒரே இடம் அப்பாவின் காலிப் புறாக் கூண்டு. ஆள் நிற்கும் உயரத்துக்குத் தகரம் போட்டு அவரே வெல்டிங் பண்ணியது. மூன்று வருஷமாகத் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்தோம். அதில்தான் இரண்டு ராத்திரி நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

தண்ணீர் வடிந்து கீழே இறங்கினால், ஃபிரிட்ஜ் குப்புறக் கிடக்கிறது. பீரோ உப்பியிருக்கிறது. புத்தகங்கள் கூழ். பாத்ரூம் அலமாரியில் வைத்திருந்த ரீட்டெய்னர் டப்பாவைக் காணோம்.

புது ரீட்டெய்னர் 3,000 ரூபாய் ஆகும் என்று தெரியும். அந்தச் சமயத்தில் எப்படிக் கேட்பது? அடுத்த மாசம் கேட்கலாம் என்று இருந்தேன். அடுத்த மாசம் பப்ளிக் எக்ஸாம் டியூஷன் ஃபீஸ் வந்தது. அப்புறம் காலேஜ். ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தபோது வலது சிங்கப்பல் மெல்ல வெளியே வந்திருந்தது. அப்பாவிடம் சொல்லவே இல்லை. பேசும்போது மறுபடியும் கை வாய்க்குப் போக ஆரம்பித்தது. இந்த முறை கிண்டலுக்குப் பயந்து அல்ல. அப்பா பார்த்துவிடக் கூடாதே என்று.

இந்தக் கதை இருந்ததால்தான் அக்காவுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அக்காவுக்குப் போன் பண்ணி, “சண்டையை ரெண்டு வாரம் தள்ளிப் போடுக்கா. முதல்ல பாப்பாவுக்கு இது அவசியமா, அழகுக்கான்னு தெரிஞ்சுக்கலாம்” என்றேன். இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் அன்று யாருமே கேட்கவில்லை.

பிரிட்டனில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரசு மருத்துவச் சேவையிலேயே இலவசமாக க்ளிப் போடுகிறார்கள். ஆனால், எல்லோருக்கும் இல்லை. பல் வரிசையை 1 முதல் 5 வரை படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1989இல் வந்த முறை இது. மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களைவிட 6 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் 4ஆம் படி. 9 மில்லிமீட்டரைத் தாண்டினால் 5ஆம் படி. இந்த இரண்டு படிகளுக்கும் சிகிச்சை அவசியம் என்று கணக்கு. கீழ்ப்படிகள் பெரும்பாலும் தோற்றம் சம்பந்தப்பட்டவை. நம் ஊரில் இப்படி இலவசம் கிடைக்காவிட்டாலும், ‘டாக்டர், இது எத்தனை மில்லிமீட்டர்? போடாவிட்டால் என்ன ஆகும்?’ என்று கேட்பதற்குக் காசு இல்லை.

அடுத்து, இடம். 55,000 என்பது ஒரு கிளினிக் சொன்ன மெட்டல் க்ளிப் விலை. பல் நிறத்தில் இருக்கும் செராமிக், கழற்றி மாட்டும் அலைனர் என்று போனால் இன்னும் ஏறும். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளில் இது வராது. ஆனால், பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953இல் தொடங்கியது. அங்கே பல் வரிசைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. தனியார் கல்லூரிகளும் சென்னையைச் சுற்றி நிறைய. முதுநிலை படிக்கும் டாக்டர்கள், பேராசிரியர்கள் மேற்பார்வையில் சிகிச்சை தருவார்கள். செலவு குறைவு. பதிலுக்கு நாம் கொடுப்பது நேரம். ஒவ்வொரு தடவையும் அரை நாள் போய்விடும்.

அக்காவுக்குப் போக வர வசதியான ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு நானும் கூடப் போனேன். பாப்பாவின் பல்லை ஸ்கேல் வைத்து அளந்தார் டாக்டர். 7 மில்லிமீட்டர். சின்ன வயசில் விரல் சூப்பியதன் மிச்சம். உதடு சரியாக மூடவில்லை. கீழே விழுந்தால் முன்பல் உடைய வாய்ப்பு அதிகம். “தாடை வளர்ற வயசுலயே பண்ணிடறது நல்லது. வளர்ந்த பிறகும் பல்லை நகர்த்தலாம், ஆனா தாடையைச் சரி பண்றது கஷ்டம்” என்றார். 24 மாசம். மொத்தம் 24,000 ரூபாய்.

சும்மா இருக்க முடியாமல் என் போனில் இருந்த எட்டாம் வகுப்பு போட்டோவைக் காட்டினேன். வாய் திறந்திருக்கும் ஒரே போட்டோ. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “போட்டோவை வெச்சு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா, இது பெரும்பாலும் தோற்றத்துக்காகப் பண்ற கேஸ்தான். பண்ணாம விட்டிருந்தாலும் பெரிய பிரச்னை வந்திருக்காது” என்றார்.

மெட்ரோவில் வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதுவே ஓடியது. 22 புறா. ஒருவேளை தேவையே இல்லையோ? அப்புறம் ஸ்கூலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது ஞாபகம் வந்தது. 13 வயசுப் பெண் சிரிக்கப் பயந்துகொண்டு திரிவதும் பிரச்னைதானே! அதை அளக்கத்தான் ஸ்கேல் இல்லை. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வில்லிவாக்கத்தில் அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்தோம். பாப்பாவையும் உட்கார வைத்தேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. “அவ எதுக்கு? சின்னப் பிள்ளைகிட்ட காசு விஷயம் எதுக்கு?” என்றார். “தெரியாம இருந்தாதான்க்கா தப்பு தப்பா நினைச்சுக்கும்” என்றேன்.

மாமாவிடம் மீன் செலவைக் கேட்டேன். கொளத்தூர் பக்கத்திலேயே குடியிருக்கிறார். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். கடைக்குப் போனால் வெறுங்கையோடு வர முடியுமா? மாசம் 2,500 ரூபாய் ஆகிறது என்று ஒப்புக்கொண்டார். அதை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். இருக்கிற மீன் உயிரோடு இருக்க எவ்வளவு? புதுசு வாங்க எவ்வளவு? தீனி, கரன்ட், ஃபில்டர் எல்லாம் 1,100. மீதி 1,400 புது மீனுக்கும், செடிக்கும், லைட்டுக்கும்.

“24 மாசத்துக்குப் புது மீன் கிடையாது. ஆனா இருக்கிற ஒண்ணு கூட சாகக் கூடாது. சரியா?” என்றார் மாமா. 1,400இல் 1,000 க்ளிப்புக்கு. 400 போக்குவரத்துக்கு. அக்கா நோட்டில் எழுதினார். எந்த மாசம் ஆரம்பிக்கிறது, எந்த மாசம் முடிகிறது என்பதையும் எழுதச் சொன்னேன். முடிகிற தேதி இல்லாமல் விட்டுக்கொடுத்தது திரும்பி வருவதில்லை. எங்கள் மாடிக் கூண்டு அப்படித்தான் காலியாகவே நின்றுவிட்டது.

பாப்பா மெதுவாக, “அப்பா, எனக்காக மீனை வித்துடாதீங்க” என்றாள். மாமா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். “விக்கலைடா. புதுசு வாங்கலை, அவ்ளோதான். ரெண்டு வருஷம் கழிச்சு நீயும் நானும் போய் வாங்கலாம்.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு இப்போது 62. பட்டறையை விட்டாயிற்று. மாடியில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், பத்து வருஷமாகச் சொல்லாததையும் சொல்லிவிட்டேன். வெள்ளத்தில் ரீட்டெய்னர் போனது, கேட்கக் கூச்சப்பட்டது, பல் திரும்பிப் போனது. “நீங்க புறாவை வித்துப் போட்டதுப்பா. நான் காப்பாத்தலை.”

அப்பா பக்கெட்டை வைத்தார்.

“தெரியும்மா. வெள்ளம் வடிஞ்ச நாலாம் நாளே அந்த டப்பா இல்லைன்னு பார்த்துட்டேன். கேட்டா நீ காசு கேப்பே. அன்னிக்கு என்கிட்ட காசு இல்ல. அதான் நானும் கேக்கலை.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. 3,000 ரூபாய் விஷயத்தை அவரும் மறைத்திருக்கிறார், நானும் மறைத்திருக்கிறேன். ஒரே வீட்டில். ஒருவரை ஒருவர் கஷ்டப்படுத்தக் கூடாது என்று.

அப்பாதான் முதலில் பேசினார்.

“சரி, பாப்பா கணக்குல ரீட்டெய்னருக்குப் பணம் எழுதினீங்களா?”

எழுதவில்லை. அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். “அக்கா, மாமாகிட்ட சொல்லு. இன்னும் மூணு மாசம் சேர்த்துக்கணும். 27 மாசம்னு எழுது.”

“ரெண்டு ஜோடியா வாங்கி, ஒண்ணை மேல் அலமாரியில வெக்கச் சொல்லு” என்றார் அப்பா, அடுத்த தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.